ஜான் டன்மோர் லாங்கின் தாள்கள்: எப்போதும் தன் வழக்கையே எழுதிய மனிதரை எப்படிப் படிப்பது?

கரையோரன்

பன்னிரண்டு வருடமாகச் சிட்னியின் வின்யார்டு பூங்காவைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அங்கே ஒரு பாதிரியாரின் சிலை நிற்கிறது. 1891இல் நிறுவியது. ஒரு மழை நாளில் பஸ் வரத் தாமதமானபோதுதான் பீடத்தின் அருகே போய்ப் பெயரைப் படித்தேன். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

ஜான் டன்மோர் லாங் 1799இல் ஸ்காட்லாந்தின் கிரீனக்கில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துக் குருப்பட்டம் பெற்று, 1823 மே மாதம் சிட்னியில் இறங்கினார். அப்போது வயது 23. ஆலயம் கட்ட அரசுப் பணம் கேட்டார். ஆளுநர் பிரிஸ்பேன் கைவிரித்தார். மனிதர் ஊரைத் திரட்டி 1826இல் ஸ்காட்ஸ் சர்ச்சைத் திறந்தார். 1878இல் சாகும்வரை அதே சபையின் போதகர்.

இதோடு நின்றிருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன். கல்லூரி தொடங்கினார். பத்திரிகைகள் நடத்தினார். கப்பல் கப்பலாகக் குடியேறிகளை அழைத்து வந்தார். 1843இல் சட்ட மேலவைக்குப் போர்ட் பிலிப் (இன்றைய மெல்போர்ன் பக்கம்) பகுதியின் உறுப்பினராகப் போனார். 1859 முதல் 1869 வரை சட்டப்பேரவையில் மேற்கு சிட்னியின் உறுப்பினர். நடுவில் அவதூறு வழக்குகளில் இரண்டு முறை சிறைவாசம்.

அவருடைய சொந்தத் தாள்கள் மாக்குவாரி தெருவில் உள்ள மிச்செல் நூலகத்தில் இருக்கின்றன. கடிதங்கள், வரைவுகள், கணக்குகள், மனைவி வில்ஹெல்மினாவுக்கு எழுதியவை என்று தொகுதி தொகுதியாக. விடுமுறை நாட்களில் போய்ப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தமிழில் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும் என்பது ஆசை.

என் சிக்கல் இதுதான். அவர் எழுதிய எந்தத் தாளை எடுத்தாலும் அவர் பக்கமே நியாயம். ஆளுநர் தவறு, ஆயர் தவறு, லண்டன் அமைச்சர் தவறு, சக போதகர்கள் தவறு. படிக்கும்போது அவர் குரலில் மயங்கிவிடுகிறேன். வெளியே வந்து காற்று வாங்கினால்தான் தெளிகிறது. இப்படிப்பட்டவரின் தாள்களை வைத்து நேர்மையாக எப்படி எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செல்லரித்த ஏடு

கரையோரன் தம்பி, நல்ல இழை. ஆவணக் காப்பகத்தில் இருபது வருடம் வேலை செய்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். பலர் இதை யோசிப்பதே இல்லை.

ஒருவரின் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை மற்றவர்களின் பெட்டிகளில் இருக்கும். எனவே வரைவோ நகலோ அவர் கையில் இருக்கிறது என்றால், அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார் என்று பொருள். லாங் போன்ற வழக்காடும் மனிதர் எதை நகலெடுத்தார், எதை நகலெடுக்காமல் விட்டார் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். கடிதத்தில் உள்ளதைவிட அந்தப் பட்டியல் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இரண்டாவது, தாளையே பாருங்கள். அக்கால மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த இரும்பு மை. எழுதும்போது வெளிறிய நிறம், காற்றுப் பட்டதும் கறுக்கும், நூறு வருடத்தில் பழுப்பாகித் தாளையே அரிக்கும். அவசரத்தில் பேனாவை அழுத்தி எழுதிய இடங்களில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும். நிதானமாக எழுதிய பிரதியில் அது குறைவு. கோபத்தில் எழுதிய வரைவு எது, பிறகு உட்கார்ந்து திருத்திய பிரதி எது என்பதைச் சில சமயம் ஓட்டையை வைத்தே ஊகிக்கலாம்.

1840க்கு முன்பு பெரும்பாலும் உறை கிடையாது. தாளையே மடித்து அரக்கு வைத்து ஒட்டுவார்கள். பிரித்தவர் பொறுமை இல்லாதவர் என்றால் அரக்கு இருந்த இடத்தில் தாள் கிழிந்து இரண்டு மூன்று சொற்கள் போயிருக்கும். அந்தச் சொற்களை நீங்களாக நிரப்பாதீர்கள். நான் ஒருமுறை நிரப்பிவிட்டு, மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்கைப் பார்த்தபோது பொருளே தலைகீழாகிவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நதிக்கரைவாசி

பிரிஸ்பேனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் லாங் பார்க் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும், ரக்பி மைதானம். யார் அந்த லாங் என்று கேட்டால் நூற்றில் ஒருவர் சொல்வாரா தெரியாது. என் அலுவலகம் ஃபார்டிட்யூட் வேலியில். அந்தப் பெயரே அவர் அனுப்பிய கப்பலின் பெயர்தான்.

1849 ஜனவரியில் ஃபார்டிட்யூட் பிரிஸ்பேனை ஒட்டிய மோரெட்டன் விரிகுடாவுக்கு வந்தது. சுமார் 250 பேர். அதே வருடம் பின்னால் சேஸ்லி, லீமா என்று இன்னும் இரண்டு கப்பல்கள். லாங்கின் திட்டம் எளிமையானது. கொஞ்சம் பணம் உள்ள, உழைக்கத் தயாரான புராட்டஸ்டண்டுக் குடும்பங்கள் பயணத்துக்குப் பணம் கட்டும், அதற்கு ஈடாக இங்கே நிலம் கிடைக்கும். அமெரிக்காவில் அடிமைகளை வைத்து விளைவிக்கும் பருத்திக்குப் போட்டியாக, கூலி வாங்கும் சுதந்திர மனிதர்கள் இங்கே பருத்தி விளைவிப்பார்கள்.

கப்பல் வந்தது. நிலம் இல்லை. பேரரசின் காலனிகளைக் கவனித்த லண்டன் குடியேற்ற அலுவலகம் அப்படி ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கவே இல்லை. போதாக்குறைக்குக் கப்பலில் டைஃபஸ் காய்ச்சல். மோரெட்டன் தீவில் தனித்து வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் விட்டார்கள். கடைசியில் யார்க்ஸ் ஹாலோ என்ற பள்ளத்தில் தற்காலிகமாகக் குடில் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது.

வேலை முடிந்து ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது இதை நினைப்பேன். நான்கு மாதம் கடலில் வந்து இறங்கிய ஒரு தாய், கையில் நிலத்துக்கான சீட்டை வைத்துக்கொண்டு, அது செல்லாது என்று கேட்கும் அந்த நொடியை.

தாமிரபரணி

அப்படியானால் நேரடியாகக் கேட்கிறேன், இது மோசடி இல்லையா? இல்லாத நிலத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறவரை நம் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? வெளிநாட்டு வேலை என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போன தரகரால் என் சித்தப்பா பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தவன். அந்தக் குடும்பம் நிமிர ஒன்பது வருடம் ஆனது. பாதிரியாரின் அங்கி போட்டிருந்தால் அது திட்டமாகிவிடுமா? இவருக்குச் சிலை, பூங்கா, மைதானம்!

கரையோரன்

தாமிரபரணி, உங்கள் கோபம் புரிகிறது. சித்தப்பாவுக்கு நேர்ந்ததைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நான் உடன்படவில்லை. தரகர் பணத்தோடு மறைகிறார். லாங் மறையவில்லை. 1849 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்படும்போது குடியேற்ற அமைச்சர் ஏர்ல் கிரேக்கு ஒரு திறந்த கடிதம் எழுதிப் பத்திரிகையில் போட்டார். ஆஸ்திரேலியா பிரிந்து போய்விடும் என்று பிரிட்டிஷ் பேரரசின் அமைச்சரை மிரட்டும் கடிதம். அதன் பிறகு சிட்னி சட்ட மேலவை அவர்மீது கண்டனம் நிறைவேற்றியது. அவர் அதே சிட்னியில் 1851 தேர்தலில் நின்று, பெரும்புள்ளியான வென்ட்வொர்த்தையும் பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் வென்றார். ஏமாற்றுக்காரராக மக்கள் நினைத்திருந்தால் அந்த வாக்கு விழுந்திருக்குமா?

அதே வருடம் அவதூறு வழக்கில் நான்கு மாதச் சிறை, 100 பவுண்டு அபராதம். ஊர் மக்கள் ஷில்லிங் ஷில்லிங்காகச் சேர்த்து அபராதத்தைக் கட்டினார்கள்.

1831ஐயும் பாருங்கள். கல்லூரி கட்டுவதற்காக ஸ்டர்லிங் காசில் என்ற கப்பலில் ஸ்காட்லாந்துக் கொத்தனார்கள், தச்சர்கள் குடும்பங்களை அழைத்து வந்தார். லண்டன் அரசு கல்லூரிக்கு 3,500 பவுண்டு தர ஒப்புக்கொண்டிருந்தது, அதில் 1,500 பவுண்டைப் பயணச் செலவுக்கு முன்பணமாக வாங்கினார். தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து பயணக் கடனை அடைத்தார்கள். கைதிகளின் உழைப்பில் நின்ற ஊரில், கடனை அடைத்துவிட்டுத் தன் காலில் நின்ற கைவினைஞர் கூட்டம் அது. அந்தத் திட்டம் நடந்தது. 1849இலும் அப்படித்தான் நடக்கும் என்று மனப்பூர்வமாக நம்பினார் என்றே நினைக்கிறேன்.

கடற்புறத்தாள்

அண்ணா, நீங்கள் அவரை மிகவும் மென்மையாகப் பார்க்கிறீர்கள். அவர் அழைத்து வந்த குடும்பங்கள் எப்படிப்பட்டவை என்று நதிக்கரைவாசி ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போனார், புராட்டஸ்டண்டு. அந்தச் சொல்லில்தான் இந்த மனிதரின் பாதி வாழ்க்கை இருக்கிறது.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், மெல்போர்னில் ஐரிஷ் வம்சத்துக் கன்னியர் நடத்திய பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அயர்லாந்துப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பெண்களை 1848 முதல் 1850 வரை அரசு இங்கே அனுப்பியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அவர்கள் வருகையை எதிர்த்து உரக்கக் குரல் கொடுத்தவர்களில் லாங் முன்னணியில் இருந்தார். சிட்னியில் இறங்கும் ஆதரவற்ற பெண்களுக்கு இடமும் வேலையும் தேடிக் கொடுத்த கரோலின் சிஸ்ஹோம் கத்தோலிக்கர் என்பதால் அந்த அம்மாளின் பணியையே ரோமாபுரியின் சூழ்ச்சி என்று எழுதியவர் இவர். பட்டினியிலிருந்து தப்பி வந்த பதினாறு வயதுப் பெண் இவருக்கு ஒரு சூழ்ச்சியின் பகுதியாகத் தெரிந்திருக்கிறாள்.

உங்கள் கட்டுரையில் இது அடிக்குறிப்பாகப் போய்விடக் கூடாது. அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

கரையோரன்

போகாது அக்கா. சத்தியமாக அடிக்குறிப்பாகப் போகாது. நானும் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு அன்று மேலே படிக்க முடியாமல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என்னைக் குழப்புவது வேறு. இதே மனிதர் சீனர்களுக்கு எதிரான சட்டங்களை எதிர்த்துப் பேசியவர். 1878இல் அவருடைய இறுதி ஊர்வலத்தில் சிட்னிச் சீனர்கள் பெருந்திரளாக நடந்தார்கள். ஐரிஷ்காரிக்கு மூடிய கதவு சீனருக்குத் திறந்தது எப்படி? தாள்களில் இதற்கு விடை இருக்கும் என்று நினைத்துத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செல்லரித்த ஏடு

விடை அவர் தாள்களிலேயே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள் தம்பி. தாமிரபரணிக்கும் உங்களுக்கும் நடந்த வாதத்தில் இரண்டு பேருமே அவர் மனதைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஒருவர் ஏமாற்றினார் என்கிறார், மற்றவர் நம்பினார் என்கிறார். மனதை விட்டுவிட்டு மேசைகளைப் பாருங்கள். 1848இல் லாங் லண்டனில் அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம் எந்த மேசைக்குப் போனது, யார் என்ன குறித்தார், என்ன பதில் போனது?

அந்தக் கடிதங்கள் லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நியூ சௌத் வேல்ஸ் தொடர்பாகக் குடியேற்ற அலுவலகத்துக்கு வந்த கடிதங்களின் வரிசை. நீங்கள் லண்டன் போக வேண்டியதில்லை. 1948 முதல் பல பத்தாண்டுகள் ஆஸ்திரேலிய நூலகங்கள் கூட்டாக இவற்றை நுண்படச்சுருளில் எடுத்தன. இப்போது தேசிய நூலகம் அவற்றை டிரோவ் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வீட்டில் காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

படிக்கும் முறையைச் சொல்கிறேன். கடிதத்தை முதலில் படிக்காதீர்கள். அதன் முதுகைப் பாருங்கள். அலுவலகத்துக்குக் கடிதம் வந்ததும் நீளவாக்கில் மடித்து, முதுகில் எழுதியவர் பெயர், தேதி, பொருள் ஆகியவற்றை எழுத்தர் குறிப்பார். பிறகு அது கீழிருந்து மேலே போகும். ஒவ்வொரு அதிகாரியும் இரண்டு வரி எழுதித் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு மேலே அனுப்புவார். நிரந்தரத் துணைச் செயலர் மெரிவேல், நாடாளுமன்றத் துணைச் செயலர் ஹாஸ், கடைசியில் அமைச்சர் ஏர்ல் கிரே. நம் தாலுகா அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதுவது போலத்தான், அதே பரம்பரைதானே. லாங் பத்துப் பக்கத்தில் முழங்கியதற்கு அந்த முதுகில் மூன்று வரி பதில் இருக்கும். அந்த மூன்று வரியில் ஒரு வாக்குறுதி இருந்ததா, மழுப்பல் இருந்ததா, வெட்டு ஒன்று துண்டு இரண்டாக மறுப்பு இருந்ததா? அதை அவர் கப்பல் புறப்படும் முன்பு அறிந்திருந்தாரா? தேதிகளை அடுக்குங்கள். மோசடியா நம்பிக்கையா என்ற கேள்வியில் பாதிக்கு அந்தத் தேதிகளே பதில் சொல்லும்.

தாமிரபரணி

இதை ஏற்றுக்கொள்கிறேன். தேதி பொய் சொல்லாது. மறுப்பு கையில் கிடைத்த பிறகும் ஒரு குடும்பத்தைக் கப்பலேற்றியிருந்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஃபார்டிட்யூட் 1848 செப்டம்பரில் கிளம்பியது என்றால், முதல் கப்பலுக்கு ஒரு நியாயம் இருக்கலாம். அடுத்த இரண்டு கப்பல்களுக்கு?

புதியவள்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கல்லூரி மாணவி நான். மிச்செல் நூலகத்தில் பல்கலைக்கழகச் சீட்டு இல்லாதவர்களையும் விடுவார்களா? பழைய கடிதங்களில் குறுக்கெழுத்து உண்டு என்று எங்கோ படித்தேன், அது என்ன?

கரையோரன்

விடுவார்கள். அது மக்கள் நூலகம். டேவிட் ஸ்காட் மிச்செல் என்ற தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் சுவடிகளையும், கூடவே 70,000 பவுண்டையும் 1907இல் விட்டுச் சென்றார். 1910இல் திறந்த கட்டடம். வாசகர் அட்டைக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள், பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போங்கள். சுவடிகளை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

குறுக்கெழுத்து பற்றி ஏடு அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

செல்லரித்த ஏடு

1840க்கு முன்பு பிரிட்டனில் தபால் கட்டணம் தாளின் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்ப. இரண்டு தாள் என்றால் இரட்டைக் கட்டணம். ஆகவே ஒரு பக்கம் முழுக்க எழுதியதும் தாளைக் கால்வட்டம் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்கே எழுதுவார்கள். பார்த்தால் ஓலைப்பாய் முடைந்தது போல் இருக்கும். நேராக வைத்து முறைத்தால் ஒன்றும் தெரியாது. தாளை, இப்போதென்றால் திரையை, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பாருங்கள், ஒரு திசை வரிகள் மட்டும் எழுந்து நிற்கும். கட்டணம் குறைந்த பிறகும் பழக்கம் பலருக்குப் போகவில்லை. பெரும்பாலும் குறுக்கு வரிகளில்தான் வீட்டுச் செய்தி இருக்கும். நேர் வரிகளில் உலக விவகாரம், கடைசியில் இடம் இல்லாதபோது பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை.

நதிக்கரைவாசி

இழை வேகமாகப் போகிறது. நான் முதலில் எழுதியதில் ஒரு பெரிய விடுபாடு இருக்கிறது, நேற்றிரவு தூங்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யார்க்ஸ் ஹாலோ என்ற பள்ளத்தில் குடில் போட்டார்கள் என்று எழுதினேன், வெற்றிடத்தில் போட்டது போல. அது வெற்றிடமாக இருந்ததில்லை. டுர்பல் பழங்குடி மக்கள் கூடி வாழ்ந்த இடம், அவர்கள் வைத்த பெயர் பரம்பின். நிலம் கிடைக்காமல் நின்ற அந்தத் தாய்க்காக நான் வருந்தினேன். அவளுக்குக் கொடுத்த தற்காலிக இடம் யாருடையது என்று கேட்க மறந்தேன்.

லாங்குக்கு இந்த மக்கள் இருப்பது தெரியாமல் இல்லை. 1838இல் இன்றைய நண்டா புறநகரில் ஜெர்மன் மிஷனரிகளைக் கொண்டுவந்து குடியேற்றியதே பழங்குடி மக்களுக்காகத்தான். மிஷன் சில வருடங்களில் படுத்துவிட்டது. ஜெர்மானியர்கள் அங்கேயே விவசாயிகளாகத் தங்கிவிட்டார்கள். கரையோரன், மிஷன் தொடர்பான கடிதங்கள் அவர் தாள்களில் எந்தத் தொகுதியில் வருகின்றன என்று கண்டால் எனக்குச் சொல்லுங்கள். எத்தனை பக்கத்தில் மிஷனரிகளின் சம்பளம், எத்தனை பக்கத்தில் டுர்பல் மனிதர் ஒருவரின் பெயர் என்று எண்ண வேண்டும்.

கடற்புறத்தாள்

எண்ணுங்கள். ஐரிஷ்ப் பெண்களின் பெயர்களை நான் எண்ணுகிறேன். கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன, அவர் தாள்களில் இல்லாவிட்டாலும் அந்தப் பெண்களுக்குப் பெயர் உண்டு.

கரையோரன்

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். மயக்கம் தெளிய வழி கேட்டேன், வேலையையே மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். அவர் பெட்டியிலிருந்து தொடங்கி அவரை எழுதலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது 1848 ஜனவரியிலிருந்து 1849 நவம்பர் வரை ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டிருக்கிறேன். ஒரு பத்தியில் லாங் எழுதியவை, அடுத்ததில் லண்டன் கோப்பின் முதுகுக் குறிப்புகள், மூன்றாவதில் கப்பல்கள், நான்காவதில் மோரெட்டன் விரிகுடாவின் காவல் நீதிபதி விக்கம் சிட்னிக்கு அனுப்பியவை. ஐந்தாவது பத்தியைப் பரம்பினுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.

லண்டன் சுருள்களை ஒருவராகப் பார்த்து முடிக்க முடியாது. தாமிரபரணி, உங்களைப் போல் அவரை நம்பாத ஒருவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு நல்லது. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, சிட்னி நேரம், சேர்ந்து உட்காரலாமா?

தாமிரபரணி

வருகிறேன். சேஸ்லி கிளம்பிய தேதியிலிருந்து பின்னோக்கிப் பார்ப்போம். புதியவள், நீயும் வா அம்மா, சாய்த்துப் படிக்க இளம் கண் வேண்டும்.